ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு பதிலின் கடைசியில், "காலாண்டுக் கேள்விகள் இன்னும் பதினொன்று பாக்கி இருக்கின்றன, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டேன். வாசகர்கள் சர்க்கரையை விட்டுவிட்டார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பதினொன்றைப் பற்றித்தான். சரி, இந்த முறை நோய்களுக்கு விடுமுறை, டாக்டர்கள் எழுதும் பரீட்சைக்கு இடம்.

என் மகன் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் டாக்டர். வயது 44. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் "பரீட்சை இருக்குப்பா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்கிறான். பதினெட்டு வருடம் பிராக்டிஸ் செய்தவனுக்கு என்ன பரீட்சை? பேசப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறானோ என்று என் மனைவிக்குக் கவலை.
ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: பையன் பொய் சொல்லவில்லை. நானும் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் ஒரு சிறு ஊரில் இதே இன்டர்னல் மெடிசின்தான், அதாவது பெரியவர்களுக்கான பொது மருத்துவம்தான் பார்க்கிறேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை.

இங்கே டாக்டருக்கு இரண்டு காகிதங்கள். ஒன்று, மாநிலம் தரும் லைசென்ஸ். அது இல்லாமல் மருந்துச் சீட்டு எழுத முடியாது. இன்னொன்று, அந்தந்தத் துறையின் போர்டு, அதாவது டாக்டர்களைச் சோதிக்கும் அமைப்பு, தரும் சான்றிதழ். சட்டப்படி அது கட்டாயமில்லை. ஆனால் பெரும்பாலான மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கேட்கும். எங்கள் துறையின் போர்டான அமெரிக்கன் போர்டு ஆஃப் இன்டர்னல் மெடிசின் 1936ல் தொடங்கியது. 1990க்கு முன்னால் தேறியவர்களுக்கு அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அதன்பின் வந்தவர்களுக்குப் பத்து வருடம்தான். பத்து வருடம் முடிந்தால் மறுபடி எழுத வேண்டும்.

நான் முதன்முதலில் எழுதியது 2011ல். தேர்வு மையத்தில் கைப்பையை லாக்கரில் பூட்டி, ஸ்வெட்டர் பாக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டி, உள்ளங்கையை ஒரு கருவி மேல் வைத்து, அப்புறம்தான் உள்ளே விட்டார்கள். நாள் முழுக்கப் பரீட்சை. இரண்டு இரண்டு மணி நேரமாக நான்கு பகுதி, மொத்தம் 240 கேள்விகள் வரை. நான்காவது பகுதியில் ஒரு சிறுநீரகக் கேள்வியை மூன்று தடவை படித்தேன். நோயாளி ஆணா பெண்ணா என்பதே மனதில் நிற்கவில்லை. தேறிவிட்டேன் என்று வையுங்கள். ஆனால் அன்று அளந்தது என் மருத்துவ அறிவையா, முதுகெலும்பையா என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம்.

2022 ஜனவரியில் எங்கள் போர்டு இன்னொரு வழியைத் திறந்தது. எல்.கே.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். விரித்தால் லாங்கிட்யூடினல் நாலெட்ஜ் அசெஸ்மென்ட், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் அறிவைச் சோதிப்பது. காலாண்டுக்கு 30 கேள்விகள், ஐந்து வருடத்தில் 600. அதில் 500க்காவது பதில் எழுத வேண்டும். மீதி நூறைக் கல்யாணம், காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விட்டுக்கொள்ளலாம். வீட்டிலேயே, எந்த நேரத்திலும், ஒவ்வொன்றாகவும் எழுதலாம். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம். அது போதாவிட்டால் எடுத்துக்கொள்ள வருடத்துக்கு அரை மணி நேரம் சேமிப்பில் இருக்கும். பதிலை அழுத்தியதும் சரியா தவறா, ஏன் என்று விளக்கம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று இருந்தன இல்லையா? இங்கே எல்லாமே காலாண்டுதான், முழு ஆண்டே கிடையாது.

நான் ஞாயிறு காலை இட்லித் தட்டை ஏற்றிவிட்டு உட்காருவேன். ஒரு ஈடு வேகும் நேரத்தில் மூன்று கேள்விகள் முடியும். ஆனால் ஒன்று: கேள்வியைத் திறந்துவிட்டால் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. போன வருடம் ஒரு கேள்வியைத் திறந்த நிமிடத்தில் மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்துவிட்டார். பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தக் கதை. கட் பண்ண மனசு வரவில்லை. சேமிப்பிலிருந்த அரை மணியில் பதினாறு நிமிடம் அந்த நிச்சயதார்த்தத்துக்கே மொய்யாகப் போனது. உங்கள் மகன் எடுக்காவிட்டால் ஒரு கால் மணி கழித்துக் கூப்பிடுங்கள், எடுப்பார்.

புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், இணையத்தில் தேடலாம் என்கிறார்கள். அது பரீட்சையா, காப்பியா? 32 வருடம் மேற்பார்வையாளராக நின்று பிட் பிடித்தவன் கேட்கிறேன்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயம்புத்தூர்

சார், உங்கள் கையில் நான் மாட்டாமல் போனது என் அதிர்ஷ்டம்.

எல்.கே.ஏ.வில் எதை வேண்டுமானாலும் புரட்டலாம், இன்னொரு ஆளிடம் மட்டும் கேட்கக்கூடாது. என் கணவரும் டாக்டர்தான், குழந்தைகள் நல மருத்துவர். நான் எழுதும்போது எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். இட்லியை இறக்குவது அவர் பொறுப்பு.

பார்த்து எழுதுவது தப்பில்லை என்பதற்கு நிமோனியா தடுப்பூசி ஒன்றே போதும். நான் பயிற்சியில் இருந்தபோது 65 வயதானால் 23 வகைக் கிருமிகளுக்கான ஊசி ஒன்று, அவ்வளவுதான். பிறகு 13 வகை ஊசி சேர்ந்தது. அப்புறம் 15, 20. 2024ல் 21 வகை ஊசியும் வந்தது. அதே வருடம் வயதும் 65லிருந்து 50க்கு இறங்கியது. முன்பே எந்த ஊசி போட்டிருக்கிறார், எத்தனை வருடம் ஆயிற்று என்பதைப் பொறுத்து அடுத்தது மாறும். இதை மனப்பாடமாகச் சொல்லும் டாக்டரைவிட, "ஒரு நிமிடம்" என்று அட்டவணையைத் திறந்து பார்ப்பவரிடம்தான் நான் ஊசி போட்டுக்கொள்வேன்.

ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். ஒரு ஞாயிறு தைராய்டு பற்றிய கேள்வி ஒன்றை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துச் சரியாக எழுதினேன். பச்சை டிக் வந்தது. விளக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் கிளினிக் பார்மசிஸ்ட் கிட்டத்தட்ட அதே விஷயத்தைக் கேட்டார். என் தலையில் ஒன்றுமே இல்லை. தேடினேன். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் மட்டும் "ஏற்கனவே பார்த்தது" என்று வேறு நிறத்தில் வந்தது. டிக் வாங்கியது என் விரல்கள், மூளை இல்லை.

ஒரு வித்தியாசத்தையும் பாருங்கள். பரீட்சையில், "இங்கே ஒரு கேள்வி இருக்கிறது" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அதனால் தேடுகிறோம். என் கிளினிக்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "டாக்டர், என் மாத்திரைப் பட்டியலில் ஐந்தாவதைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. எனக்கே சந்தேகம் தட்டினால்தான் தேடுவேன். சந்தேகமே வராத இடத்தில் எத்தனை புத்தகம் திறந்து கிடந்தாலும் பிரயோஜனம் இல்லை. புத்தகம் பார்க்க அனுமதித்தது சரிதான் சார். அந்தச் சந்தேகத்தை எப்படி அளப்பது என்பதுதான் இன்னும் பாக்கி. கீழே நியூஜெர்சி டாக்டருக்கு அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இதில் தோற்றால் டாக்டர் வேலை போய்விடுமா?
வாசகி, திண்டுக்கல்

உடனே போகாது. ஐந்தாம் வருடக் கடைசியில் மொத்தத்தையும் கூட்டித்தான் தேர்ச்சியா இல்லையா என்று சொல்வார்கள். தேறாவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பழைய முழுநாள் பரீட்சையை எழுத வேண்டும். லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

நான் முழுநேர ஹாஸ்பிட்டலிஸ்ட். உள்நோயாளிகளை மட்டும்தான் பார்க்கிறேன். எனக்கு ஏன் எலும்புத் தேய்மான ஸ்கேன் பற்றியும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றியும் கேள்வி? காலாண்டுக்கு 30 கேள்விகள் என்பது நல்ல யோசனைதான். ஆனால் இதை எப்படித் திருத்தலாம் என்று யாராவது யோசிக்கிறார்களா? நீங்கள் போர்டுக்கு யோசனை சொல்வதானால் என்ன சொல்வீர்கள்?
ஒரு டாக்டர், நியூஜெர்சி

தம்பி, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. ஒரு பாதியோடு சண்டை போடப் போகிறேன், மறு பாதியோடு ஒத்துப்போகப் போகிறேன்.

முதலில் சண்டை. நீங்கள் டிஸ்சார்ஜ் செய்யும் நோயாளி எங்கே போகிறார்? என்னிடம்தான் வருகிறார். இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்த 78 வயதுப் பாட்டிக்கு அறுவை முடிந்து, வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பும்போது, "எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த முறிவைத் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு வரி எழுத அந்த ஒரு கேள்வி வேண்டும். அதே மாதிரி, வென்டிலேட்டர் பக்கம் நான் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதைப் பற்றிக் கேட்டால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் ஒரு நோயாளியை எப்போது ஐ.சி.யூ. வரை அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே "என் வார்டில் இல்லாததைக் கேட்காதே" என்ற கட்சியில் நான் சேர மாட்டேன். "என் வார்டில் இருப்பதை அதிகமாகக் கேள்" என்றால் சேர்ந்துகொள்கிறேன். கதிரியக்கத் துறை போர்டு இதை ஓரளவு செய்கிறது. அங்கே டாக்டர் தன் வேலைக்கேற்ற பிரிவுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு கேள்விகள் வரும், வருடத்துக்கு 52 எழுதினால் போதும். மகப்பேறு போர்டு வேறு மாதிரி: புதிய ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்து அதிலிருந்து கேட்கிறது. எல்லாரும் ஒரே அச்சில் இட்லி வார்க்கவில்லை என்பது நல்ல விஷயம்.

அடுத்து கேள்வியின் தரம். வந்த கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதனால் என் சொந்தச் சரக்கில் இரண்டு கேள்விகள் தருகிறேன்.

முதல் கேள்வி: விப்பிள் நோய் என்ற அபூர்வக் குடல் நோயில் திசுவை எந்தச் சாயத்தால் பார்ப்பார்கள்? தேடினால் இருபது நொடியில் கிடைக்கும். நான் ஒரு விப்பிள் நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தாலும் சாயம் போடப் போவது நான் இல்லை, நோய்க்குறியியல் டாக்டர்.

இரண்டாவது: 72 வயதுப் பெண். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. பதினைந்து வருடமாகத் தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின். நம் ஊரில் 75, இங்கே 81. வருடாந்தரப் பரிசோதனைக்கு வருகிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார். ஹீமோகுளோபின் போன வருடம் 12.9, இந்த வருடம் 11.4. அடுத்து என்ன செய்வீர்கள்?

இதற்குப் பதில் தேட ஒற்றைச் சொல் கிடையாது. ஆஸ்பிரினை யாரும் குற்றம் சொல்லவில்லை, அது பட்டியலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. முன்பு இதயத்தைக் காக்க என்று எல்லோருக்கும் கொடுத்தோம். 2018ல் வந்த பெரிய ஆய்வுகள், நோய் இல்லாத முதியவர்களுக்கு அதில் லாபம் குறைவு, ரத்தக் கசிவு அதிகம் என்று காட்டின. 2022ல் அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு, 60 தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஆஸ்பிரினை நிறுத்த வேண்டும். ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். நிறுத்தினேன், சரியாகிவிடும் என்று விட்டால் குடல் புற்றுநோயைக் கோட்டை விடலாம். இப்படிப்பட்ட கேள்வி எத்தனை வந்தாலும் நான் அலுக்காமல் எழுதுவேன். ஆனால் இதை எழுதுவது கஷ்டம். நான்கு விடைகளும் நியாயமாகத் தோன்ற வேண்டும், ஒன்றுதான் சரியாக இருக்க வேண்டும். சாயக் கேள்வியைக் காபி ஆறுவதற்குள் எழுதிவிடலாம்.

இனி, போர்டுக்கு யோசனை. எந்தப் போர்டாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்: பதிலோடு சேர்த்து "உனக்கு எவ்வளவு நிச்சயம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நிச்சயமாகச் சொல்லித் தப்பான விடை தந்ததை எங்களிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நிச்சயத்தைக் கேட்பது ஒன்றும் புதுமையில்லை. மயக்க மருந்துத் துறை போர்டுதான் இந்தக் காலாண்டு முறைக்கே முன்னோடி. 2014ல் சோதனை ஓட்டம், 2016ல் பத்து வருடப் பரீட்சைக்குப் பதிலாகவே வந்துவிட்டது. காலாண்டுக்கு 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிமிடம். மயக்க டாக்டர்கள் அப்படித்தான், அவர்கள் வேலையே நிமிடக் கணக்கு. பதிலை அழுத்தியதும் அங்கே, "எவ்வளவு உறுதி?", "உன் வேலைக்கு எவ்வளவு பொருத்தம்?" என்று கேட்பார்கள். தலைமையாசிரியர் சாருக்குச் சொன்னேனே, சந்தேகம் வராத இடம் என்று, அதை இப்படித்தான் பிடிக்க முடியும். தெரியாது என்று தெரிந்தவர் புத்தகத்தைப் பார்ப்பார் அல்லது இன்னொருவரைக் கேட்பார். நோயாளிக்கு ஆபத்து அவரிடம் இல்லை. நூற்றுக்கு நூறு உறுதியாகத் தப்பான விடையை அழுத்துபவரிடம்தான் ஆபத்து. போன வருடம் நானே ஒரு தாளில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு காலாண்டில் ஆறு தப்பு. அதில் இரண்டு, தேடவே தோன்றாத அளவுக்கு "இது தெரியாதா" என்று அழுத்தியவை. மற்ற நான்கும் மறந்துபோயின. அந்த இரண்டும் இன்னும் குத்துகின்றன.

திரும்பக் கொண்டுவருவதும் அப்படியே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885லேயே, படித்தது எத்தனை வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் எப்படித் தங்குகிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். சும்மா திரும்பப் படிப்பதைவிடக் கேள்வி கேட்டு வெளியே எடுக்க வைத்தால் அதிக நாள் நிற்கும் என்று 2006ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் மாணவர்களிடம் காட்டினார்கள். வாய்ப்பாட்டை எங்கள் டீச்சர் படிக்க மட்டும் விடவில்லை, ஒப்பிக்க வைத்தார். அதுதான் இது. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்விலும், கேள்விகளைத் திரும்பக் கொடுத்தவர்களே பிறகு நன்றாக எழுதினார்கள். ஆகவே நான் தவறவிட்ட ஆஸ்பிரின் கேள்வி மூன்று மாதம் கழித்து 66 வயது ஆண் வேடத்தில் வரட்டும். ஆறு மாதம் கழித்து, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவராக வரட்டும். அவருக்கு ஆஸ்பிரினை நிறுத்தக்கூடாது அல்லவா? அங்கேயும் நான் தடுமாறாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதனால் எல்லோருக்கும் ஒரே பரீட்சை என்பது போய்விடும், மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது என்று தேர்வு நிபுணர்கள் மடக்குவார்கள். மடக்கட்டும். 30 கேள்விகளில் 24ஐ மதிப்பெண்ணுக்கு, திரும்ப வரும் ஆறை எனக்கு என்று பிரித்துக்கொண்டால் போயிற்று.

இதெல்லாம் பணம் பண்ணும் வழி என்று என் அமெரிக்கச் சம்பந்தி சொல்கிறார். உண்மையா?
வாசகர், காரைக்குடி

உங்கள் சம்பந்தி தனியாள் இல்லை. 2014ல் எங்கள் போர்டு விதிகளை இறுக்கியபோது பெரிய கலகமே நடந்தது. 2015 பிப்ரவரியில் போர்டின் தலைவரே, தவறு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பரீட்சை வைக்காத போட்டி போர்டு ஒன்றும் அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. 2018 கடைசியில் சில டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். மறு வருடம் தள்ளுபடி, 2021ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 2023ல் இந்தத் தொடர் சான்றிதழ் முறையையே எடுத்துவிடுங்கள் என்ற மனுவில் 20,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்தப் பக்கத்தை நானும் இரண்டு தடவை திறந்தேன், கையெழுத்துப் போடாமல் மூடினேன். வருடச் சந்தா 200 டாலருக்கு மேல். அதோடு கூடுதல் படிப்புக்கென்று ஐந்து வருடத்தில் நூறு புள்ளி சேர்க்கும் கணக்கு. இரண்டிலும் எனக்குப் பிரியமில்லை. ஆனால் கேள்விகளை விட்டுவிட மனசில்லை. அந்த 20,000 பேரில் என் கணவரின் நண்பர்கள் நிறையப் பேர், அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

அனுபவத்தைவிடப் பெரிய பரீட்சை உண்டா? எங்கள் ஊர் டாக்டருக்கு வயது 70. நாடி பிடித்தாலே சொல்லிவிடுவார்.
வாசகர், சேலம்

அவருக்கு என் வணக்கம். நாடி பிடிக்கும் கைக்கு மறதி இல்லை. ஆனால் மருந்து மாறுகிறதே. மருத்துவக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இதயச் செயலிழப்பு வகுப்பில் ஒரு விஷயத்தை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்வார்: "பீட்டா பிளாக்கரை இதற்குக் கொடுத்தேன் என்று நான் எழுதியிருந்தால் என் வாத்தியார் பெயிலாக்கியிருப்பார். கொடுக்க மாட்டேன் என்று நீ எழுதினால் நான் பெயிலாக்குவேன்." 1999ல் வந்த ஆய்வுகள் அப்படிப் புரட்டிப் போட்டிருந்தன. அவர் மாறிக்கொண்டார். மாறாதவர்களும் இருந்தார்கள்.

2005ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இது பற்றி முன்பு வந்த 62 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், வருடம் ஏற ஏறச் சிகிச்சையின் தரம் எல்லா அளவுகோலிலும் இறங்கியிருந்தது. படிக்க எனக்கும் கசப்புத்தான், இன்னும் சில வருடத்தில் நானும் ஐம்பது. தன் குறையைத் தானே சரியாக எடை போட டாக்டர்களால் முடிவதில்லை என்று அடுத்த வருடமே இன்னொரு தொகுப்பும் வந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? 1990க்கு முன் தேறி ஆயுள் சான்றிதழ் வாங்கிய மூத்தவர்களைத்தான் யாரும் பரீட்சை எழுதச் சொல்லவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு விலக்கு.

நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?
வாசகி, விருதுநகர்

பரீட்சை கிடையாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளில், ஐந்து வருடத்தில் 30 மணி நேரமாவது தொடர் கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. பிரிட்டனிலும் பரீட்சை இல்லை. 2012 டிசம்பரிலிருந்து வருடா வருடம் ஒருவர் உட்கார்ந்து வேலையை மதிப்பிடுவார், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறு அங்கீகாரம்.

விடுமுறையில் வந்தபோது தோழியோடு அப்படி ஒரு சி.எம்.இ. கூட்டத்துக்குப் போனேன். காலையில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் இல்லை. இருந்த பாதியில் நானும் தோழியும் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். கூட்டத்தின் மேல் தப்பில்லை, மட்டன் பிரியாணியின் மேல்தான். பேசியவர் நன்றாகத்தான் பேசினார். மறுநாள் அவர் பேச்சிலிருந்து மூன்று கேள்விகள் யாராவது போனுக்கு அனுப்பியிருந்தால், ஒரு மாதம் கழித்து அதே மூன்றை மாற்றிக் கேட்டிருந்தால், எனக்கு இன்றும் ஏதாவது நினைவிருக்கும். இதற்கு அமெரிக்கப் பணமெல்லாம் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள், டாக்டர்? கடைசியாக எதில் தப்பு விட்டீர்கள்?
மாணவி, திருநெல்வேலி

கண்ணு, படிப்பதே இல்லை, எழுதிவிட்டுத்தான் படிக்கிறேன். என்னிடம் ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு இருக்கிறது. போன தடவை ஊரிலிருந்து ஆறு வாங்கி வந்தேன், இது நான்காவது. தப்பு விட்டதை மட்டும் அதில் எழுதுவேன். கேள்வியை எழுதுவதில்லை, எழுதக்கூடாது. நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று இரண்டு வரி. உதாரணமாக, போன மார்ச் மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வயதைப் பார்த்தேன், சிறுநீரக எண்ணைப் பார்க்கவில்லை." போதாக்குறைக்கு ஏப்ரலில் வேறொரு தப்புக்குக் கீழேயும் அதே வாக்கியம். போர்டு எனக்குத் திரும்பக் கேட்கிறதோ இல்லையோ, மாதத்தின் முதல் ஞாயிறு நோட்டை மூடி வைத்துக்கொண்டு என் கணவரைக் கேட்கச் சொல்வேன். குழந்தை டாக்டருக்கு என் நோய்களின் பெயரே வாயில் நுழையாது. அவர் தப்பாக உச்சரிப்பதைத் திருத்துவதிலேயே பாதி மனதில் பதிந்துவிடுகிறது.

கடைசித் தப்பு போன ஞாயிறு. கால்சியம் பற்றியது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். தேடாமல் அழுத்தினேன். நோட்டில் "தெரியும் என்று நினைத்தேன்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். பதினொன்றில் ஏழு முடிந்தது, நான்கு பாக்கி. காலாண்டு முடிய ஒன்பது நாள் இருக்கிறது. மாவு இன்று ராத்திரி அரைக்க வேண்டும்.